முட்டை வாங்குவோர் உள்ளம்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவோன், அது விளைந்த முறைக்கும் உடன்படுகின்றான். தின்பதற்கு வேண்டுவார் இலரேல் ஊன் விற்பாரும் இலர் என்னுங் கருத்தைத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்தில் உரைத்தமை யாம் வகுப்பிற் கற்றதே. ஆயினும், வாங்குவோர் உள்ளத்தை இயக்குவது யாது என்பதை ஏற்காட்டுக் கடைத்தெருவிலேதான் கண்டோம்.

சென்ற கோடை விடுமுறையில் சேர்வராயன் மலைமேல் எம் அத்தையார் இல்லத்தில் தங்கினோம். மலைச் சிற்றூரிலிருந்து மூதாட்டி ஒருவர் நாட்டுக்கோழி முட்டைகளைக் கூடையிற் கொணர்ந்து விற்பார். அருகிலிருந்த கடையில் நாமக்கல் முட்டைகள் அட்டை அட்டையாய் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் விலையோ குறைவு. அங்ஙனமிருந்தும் பலர் கூடையையே நாடினர். காரணம் வினவினோம். சுவை மிகுதி என்றார் ஒருவர். பிள்ளைகட்கு வலிமை தரும் என்றார் அத்தையார். அம்மூதாட்டியார் பொய்யுரையார் என்றார் மற்றொருவர். கோழி வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி ஒருவரும் கூறினாரல்லர். எனினும், மண்ணைக் கிளறி வெளியில் திரிந்த கோழிக்கே அவர்தம் காசு துணையாயிற்று. சுவையும் உடல்நலமும் நம்பிக்கையும் முன்செல்ல, இரக்கம் தன்னையறியாமலே பின்சென்றது.

நிற்க. கூண்டுக்கோழியின் நிலை என்னை? எழுதுந் தாளொன்றின் பரப்பினும் மிகாத இடத்தில், சிறகை விரிக்கவும் இயலாது, கம்பிமேல் நின்று அது முட்டையிடுகின்றது. இத்தகைய வெறுங் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஆம் ஆண்டு முதல் விலக்கிற்று. அங்கு 2004 முதல் முட்டையோட்டின் மீதே இலக்கம் பொறிக்கப்படுகின்றது: 3 எனின் கூண்டில் வளர்ந்தது, 1 எனின் வெளியில் திரிந்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017 இல் தன் 269 ஆம் அறிக்கையில் கோழி வளர்ப்பிற்கு வரைவு விதிகளை முன்மொழிந்தது. எனினும் நம் கடைகளில் வாங்குவோன் கைக்கு வரும் முட்டை தன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை. ஓட்டின் பழுப்பு நிறங் கண்டு நாட்டுமுட்டையென மயங்குவாரும் உளர். நிறம் இனத்தைக் காட்டுமேயன்றி வளர்ப்பைக் காட்டாது.

அற்றேல், மலிந்த முட்டையைப் பழிக்கலாமோ? சத்துணவுக் கூடத்தில் ஏழைக் குழந்தையின் தட்டில் விழுவது அதுவே. இரக்கத்தின் விலையை வறியோர் தலையிற் சுமத்தல் அறமாகாது. கைப்பொருள் உடையோர் முதற்கண் அதனை ஏற்றல் வேண்டும். விற்போர் மெய்யான அடையாளம் இடல் வேண்டும். அரசு அவ்வடையாளத்தைக் காத்தல் வேண்டும்.

நண்பர்காள், நம் விடுதிக்கு நாள்தோறும் வரும் முட்டைகள் எவ்வகைப் பண்ணையினின்று வருகின்றன என்று உணவுக்குழுவினர் ஒருமுறை வினவுவாராக. வாங்குவோர் வினவுவது யாதோ, அதனை விற்போர் அறிந்து வைப்பர்.