காலண்டரில் கண்ட கடல்

விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது காகிதத்தில் அச்சாகி வரும் ஒரு பொருள். சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும். நகருக்குள் நுழைந்தால் அச்சகங்கள். நாட்டின் எந்த மூலையிலோ ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் பெரும்பாலும் இந்தக் கந்தக பூமியிலிருந்து போனதாகவே இருக்கும். என் கணவர் அத்தகைய அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். தென்னை சாய்ந்து நிற்கும் வெண்மணற் கரைகளும் பவளத் தீவுகளும் அவர் கைவழியே கட்டுக் கட்டாய்ச் சென்றிருக்கின்றன. அவரோ நாகூரிலும் ஏர்வாடியிலும் கால் நனைத்ததோடு சரி.

சென்ற ஆடிப்பெருக்கையொட்டிப் புதிய ஆல்பங்கள் வெளிவந்தபோது, அதிலிருந்த தீவுப் படம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் எங்கள் மகள் அதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அத்தா, இந்த நீலம் நிஜமா? இல்லை, நீங்கள் மையைக் கூட்டி வைத்ததா?” என்று கேட்டாள். அவருக்கும் விடை தெரியவில்லை. “போய்த்தான் பார்க்கவேண்டும்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கியது இந்தப் பயணத் திட்டம். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. மகளுக்கு வரன் கேட்டும் இரண்டு இடங்களிலிருந்து ஆள் வந்துவிட்டது. இப்போது விட்டால், வீட்டிலுள்ள ஐவரும் ஒன்றாகப் புறப்படும் நாள் மறுபடி எப்போது வாய்க்கும்? என் மாமிக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. “அந்தக் காசுக்குப் புள்ளைக்கு ஒரு நகை எடுத்துப் போடலாம். தண்ணியைப் பார்க்கவா காசைத் தண்ணியாக் கொட்டுவாங்க?” என்றார்கள். அவர்கள் சொல்லிலும் நியாயம் இல்லாமலில்லை.

முதலில் எங்கள் எண்ணம் சென்றது அருகிலுள்ள கடலுக்கே. தூத்துக்குடி எங்களுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அங்கிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 பவளத் தீவுகள் வரிசையாய் அமைந்தவை. காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடலாமே என்று கணக்கிட்டோம். ஆனால் 1986 முதல் அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. விரும்பியவர் விரும்பியபடி படகு பிடித்துச் சென்று இறங்குவதற்கில்லை. வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் படகில் சென்று பார்ப்பதோடு நின்றுகொள்ள வேண்டும்.

இதைக் கேட்டு என் மகன் முகம் வாடிப்போனான். காரணத்தை அறிந்தபோது எனக்கு வருத்தம் தோன்றவில்லை. அந்தப் பவளத்தைப் பல்லாண்டுகள் பாறை பாறையாய் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். திட்டு என்பது தீவுக்கு வேலி. வேலியைப் பிரித்தால் அலை நேரே வந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகளும் இன்று நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவையும் காப்பாற்றச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கவேண்டியதாயிற்று. ஆதலின் அங்கே கால் வைக்காதிருப்பதே நலம்.

அடுத்து மாலத்தீவைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக இருந்து, பிறகு இலங்கை வழியாக நம் மதுரைப் பக்கம் வந்தவர் என்று மகள் ஆர்வத்துடன் கூறினாள். அவருக்கு அரச உபசாரம் இருந்தது. எங்களுக்குச் சீட்டுப் பணம் மட்டுமே. மாலத்தீவை விட்டுவிட்டோம்.

எஞ்சியது இலட்சத்தீவு. கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் 36 சிறு தீவுகள். மக்கள் வாழ்வது அவற்றுள் பத்தில் மட்டுமே. எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 64,473; அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். மினிக்காயில் மாலத்தீவு மொழியை ஒத்த மஹல் பேசுவார்கள். மற்றத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வடிவமான ஜெசெரி. உணவில் ஹலால் பற்றிய கவலை இல்லை. ஆளில்லாமல் இருந்து சுற்றுலாவுக்கென ஒதுக்கப்பட்ட பங்காரம் தவிர, மற்ற இடங்களில் மதுவுக்கு நெடுங்காலமாகவே தடை. பெண் பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் சிறிய ஆறுதல்கள் அல்ல.

அங்குள்ள குடும்பங்களில் சொத்தும் வீடும் தாய்வழியே இறங்குமாம். மணமான பின்னும் பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பதும், கணவன் அங்கு வந்து செல்வதும் பழைய வழக்கமாம். இதை நான் படித்துச் சொன்னபோது, அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மாமி எழுந்து உட்கார்ந்தார்கள். “காயல்பட்டினத்துப் பொம்பளைங்க மாதிரியா?” என்று கேட்டார்கள். அன்று முதல் நகையைப் பற்றிய பேச்சு நின்றது.

இனி எப்போது செல்வது? என் தம்பி பட்டாசு ஆலையில் வேலை செய்பவன். அவனுக்குத் தீபாவளி முடிந்த பிறகே ஓய்வு. ஆகவே அந்த வேளையில் செல்வோம், நானும் வருகிறேன் என்றான். ஆனால் தீபாவளிக்குப் பிந்திய வாரங்கள் வடகிழக்குப் பருவமழையும் புயலும் கூடும் காலம். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியைத் தாக்கிய ஒக்கிப் புயல் அடுத்துச் சென்றது இலட்சத்தீவுக்கே. ஜூன் முதல் செப்டம்பர் வரையோ தென்மேற்குப் பருவக் கொந்தளிப்பு. கடல் அடங்கி, நீர் தெளிந்திருப்பது டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை. இவ்வாண்டுகளில் நோன்பு மாதம் பிப்ரவரியை ஒட்டி வந்துவிடுகிறது. காலண்டர் வேலை ஓய்ந்து, பிள்ளைகளுக்கும் விடுமுறை கிடைக்கும் பொங்கல் நாட்கள் எங்களுக்குப் பொருந்தின, தம்பிக்குப் பொருந்தவில்லை. பட்டாசின் பஞ்சாங்கம் வேறு, கடலின் பஞ்சாங்கம் வேறு. அவன் வராதது இத்திட்டத்தில் ஒரு குறைதான்.

கொச்சி வரை செல்வது எளிது. புனலூர் – செங்கோட்டைப் பாதை 2018இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட பின்னர், சிவகாசியிலிருந்து தென்காசி, கொல்லம் வழியாக எர்ணாகுளத்துக்கு ரயிலிலேயே போகலாம். அதற்கப்பால் கப்பல் அல்லது விமானம். கப்பலென்றால் தீவுக்கேற்ப ஏறத்தாழ 14 முதல் 18 மணி நேரம், செலவு குறைவு. என் கணவரின் ஆசை கப்பல்மேல்தான் இருந்தது.

இங்கே ஒரு செய்தியை முதியோருள்ள குடும்பங்கள் கவனிக்கவேண்டும். பெரிய கப்பல் பல தீவுகளில் கரையைத் தொடுவதில்லை. பவளத் திட்டுக்கு வெளியே ஆழத்தில் நின்றுகொள்ளும். பயணிகள் கப்பலின் பக்கவாயில் வழியாகச் சிறு படகுக்கு இறங்கவேண்டும். கப்பலும் ஆடும், படகும் ஆடும், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடியில் காலெடுத்து வைக்கவேண்டும். மாமிக்கு எழுபது வயது. சிறுமியாய் இருந்த நாளில் தீப்பெட்டி ஆலையில் குந்தியபடி கட்டை அடுக்கிய முழங்கால்கள் அவை.

அவர்களை என் நாத்தனார் வீட்டில் விட்டுச் செல்லலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. அதைச் சொன்னவளும் நான்தான். மாமி ஒன்றும் மறுக்கவில்லை. “நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் படம் பிடிச்சுட்டு வாங்க” என்றார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் படத்தில் பார்த்தவர்களுக்கு இன்னுமொரு படமா?

மறுநாள் திட்டத்தை மாற்றினோம். விமானத்தில் அகத்தித் தீவு, மூன்று இரவுகள். 1988இல் திறக்கப்பட்ட அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை, தீவின் தென்முனையில், இருபுறமும் கடல் பார்க்க அமைந்தது. கொச்சியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆடும் படகு இல்லை. பணம் கூடுதல் ஆவதால், நாட்களைக் குறைத்தோம். கவரத்தியிலுள்ள உஜ்ரா பள்ளிவாசலின் மரச் செதுக்கு வேலைப்பாட்டையும் பங்காரத்தையும் விட்டுவிட்டோம். இருக்கும் மூன்று நாளில் தீவு தீவாய் ஓடுவதைவிட ஒரே கரையில் உட்கார்ந்திருப்பது மேல் என்பது என் கருத்து.

நினைத்த மாத்திரத்தில் கிளம்பிப் போகக்கூடிய இடமன்று அது. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்தியக் குடிமக்களாயினும் வெளியார் நுழைவு அனுமதி பெறவேண்டும். தங்குமிடத்தார் அல்லது பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனத்தார் வழியாக அதைப் பெறுவது வழக்கம். ஆதார் நகல், நிழற்படம், காவல்துறைச் சான்று ஆகியவற்றைக் கேட்கிறார்கள். சான்றுக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அனுமதி உறுதியாகுமுன் திருப்பிப் பெற முடியாத பயணச் சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

இப்போது கடலுக்குள் இறங்குவதைப் பற்றி. அகத்தியைப் பவளத்திட்டு வேலிபோல் வளைத்திருக்க, அதனுள்ளே ஆழங்குறைந்த, அலையற்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. லகூன் என்பார்கள். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் மூச்சுக்குழலைக் கவ்வி, நீர்மேல் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். முத்துக் குளிப்பதுபோல் மூழ்கவேண்டியதில்லை. நீந்தத் தெரியாதவரும் உயிர்காப்பு ஜாக்கெட் அணிந்து, வழிகாட்டியின் கைப்பிடியில் மிதக்கலாம். மூக்கால் மூச்சு விடும் பழக்கத்தை மறந்து வாயால் விடவேண்டும். பழகாதவர்கள் தடுமாறுவது இதில்தான். மூச்சிரைப்பு, இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கலாகாது. திட்டின் இடைவெளிகளில் நீரோட்டம் இழுக்கும். அங்கே தனியே போகக் கூடாது.

உடையைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் அதிக நேரம் பேசினோம். துப்பட்டாவும் தளர்ந்த பருத்தி உடையும் நீரில் கனத்து, கால்களைச் சுற்றிக்கொள்ளும், அது ஆபத்து. மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மறைக்கும், நீரில் உப்பாத துணியில் தைத்த நீச்சலுடையும், தலையைக் கவிந்த தொப்பியும் மகளுக்கும் எனக்கும் ஏற்பாடாகியுள்ளன. இதில் இன்னொரு நன்மையையும் அறிந்தேன். வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், பலாவு நாடு 2020இலும் ஹவாய் 2021இலும் அவற்றைத் தடை செய்தன. உடலை மறைத்தவருக்கு முகத்தையும் கைகளையும் தவிரப் பூசிக்கொள்ள வேண்டிய இடமே இல்லை!

பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு நீடித்தால் மடிந்துவிடும். இலட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் வெளுத்தது. அகத்தி, கத்மத், கவரத்தி ஆகிய தீவுகளை 24 ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது எனக் கண்டனர். பங்காரத்தை அடுத்த பரளி என்னும் ஆளில்லாத் தீவுகளில் ஒன்று முற்றிலும் அரித்துப் போயிற்று. எனவே, காலண்டரில் காணும் வண்ணக் காட்டை எதிர்பார்த்துச் செல்லாதே என்று மகளிடம் முன்னதாகவே கூறிவிட்டேன். வெளுத்த கொம்புகளும் இருக்கும். அவற்றிடையே துளிர்க்கும் புதியவையும் இருக்கும். அவற்றின்மேல் நிற்கவோ, கையூன்றவோ கூடாது. உயிரற்ற துண்டாயினும் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மகனுக்கு இருமுறை சொல்லியாயிற்று. அவன் பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கும் உத்தேசத்தில் இருந்தான்.

தண்ணீர் விஷயத்தில் விஸ்வநத்தத்தாருக்கு உபதேசம் தேவையில்லை. குடத்தின் அருமை நமக்குத் தெரியும். தீவில் மணலுக்கடியில் மெல்லிய ஏடுபோல் நிற்கும் மழைநீரே நன்னீர். அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியிலும், 2011இல் அகத்தியிலும் மினிக்காயிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்தது. ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு ஆவியைக் குளிர்விக்கும் முறை அது. விருந்தாளியாய்ச் செல்பவர் வாளிக் கணக்கில் குளிக்கும் இடமல்ல.

எங்களைப் போன்ற ராவுத்தர் வீட்டார் ஹனஃபிகள்; தீவினர் ஷாஃபிகள். அஸர் பாங்கு அங்கே நமக்கு முன்னதாகக் கேட்கும். கணவாய்க்கு உறவான எட்டுக்கால் ‘அப்பல்’ அவர்களுக்கு விருந்துணவு. நம் மத்ஹபில் மீனைத் தவிர்த்த கடற்பிராணிகள் ஆகா. அன்போடு பரிமாறினால் எப்படி மறுப்பது என்று என் கணவர் இப்போதிருந்தே கவலைப்படுகிறார். சூரை மீன் நிறையக் கிடைக்குமென்று தேற்றியிருக்கிறேன்.

இரவல் வாங்கிய முகக்கண்ணாடி ஒன்று வீட்டுக்கு வந்தது. பின்கட்டில் உள்ள சிமெண்டுத் தொட்டியில் முகத்தை அமிழ்த்தி மகளும் மகனும் மாறி மாறி மூச்சுப் பழகுகிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் சென்றிருந்த வேளையில், மாமி அதை வாங்கித் தம் முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். தொட்டிக்குள் குனிந்து, தம் கைவிரல்களை நீருக்குள் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்கள். “பெரிசாத் தெரியுது” என்றார்கள்.

நேற்று விண்ணப்பங்களை நிரப்பினோம். ஐந்தாவதாக மாமியின் பெயர். பிறந்த ஆண்டு ஆதாரில் இருந்தாலும், தனுஷ்கோடிப் புயலின்போது தமக்கு எட்டு வயது என்பதை அவர்கள் சொல்லாமல் விடவில்லை. பயணத்தின் நோக்கம் என்றொரு கட்டம் இருந்தது. “அந்த நீலம் நிஜமான்னு பார்க்க வர்றோம்னு எழுது” என்றார்கள். கட்டம் சிறியதாயிருந்ததால் ‘சுற்றுலா’ என்றே எழுதினேன்.