காற்றுக்குக் கூலி இல்லை

நண்பர் ஒருவரும் அவர் தம்பியும் ஒரே மாதத்தில் ஒரே மாடல் பைக் வாங்கினார்கள். வண்டியோடு வந்த டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அண்ணனின் பின் டயர் 30,000 கிலோமீட்டரைத் தாண்டி இன்னும் பட்டனோடு ஓடுகிறது. தம்பியுடையது 13,000த்திலேயே மொட்டை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தம்பி வீட்டில் குதித்துக்கொண்டிருந்தான். நண்பர் அந்தக் கழற்றிய டயரை வண்டியில் கட்டிக்கொண்டு, “மேலூர் ரோட்டுல ஒரு அண்ணாச்சி இருக்காரு, அவருகிட்ட காட்டுவோம், வாங்க” என்று என்னையும் கூப்பிட்டார்.

அந்தச் சாலையில் டயருக்குப் பஞ்சமில்லை. வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கிறது. இரு சக்கர வண்டிகளுக்கான டயர் அங்கிருந்துதான் லாரி லாரியாகப் போகிறது. அண்ணாச்சியின் கடை அதே சாலையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் கம்ப்ரஷர், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, வழவழத்துப்போன இரண்டு லிவர். பின்பக்கம் கழற்றிய டயர்கள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன.

தம்பியின் டயரை வாங்கியவர் முதலில் பட்டனைப் பார்க்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார்.

“செயின் டைட் பண்ணினது யாரு சார்?”

பக்கத்துத் தெரு மெக்கானிக் என்றார் நண்பர்.

“ரெண்டு பக்கமும் கோடு பாத்து இழுக்கல. ஒரு பக்கம் கூட இழுத்துருக்கான். வீலு கோணலா நின்னு ரோட்டத் தேச்சுக்கிட்டே போயிருக்கு. பாத்தியளா, இந்த ஓரம் எவ்வளவு போயிருக்குன்னு?”

பின் சக்கரத்தின் அச்சு நகரும் இடத்தில் இருபுறமும் சிறு கோடுகள் உண்டு. செயினை இறுக்கும்போது இரண்டு பக்கமும் அச்சு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எனக்கும் பல வருடமாக வண்டி உண்டு. அந்தக் கோடுகளை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

“காத்து எவ்வளவு வைப்பாரு?”

நண்பர் தம்பிக்குப் போன் போட்டார். நாற்பதாம். வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இரண்டு எண் இருந்ததாம், பெரிய எண் எதுவோ அதையே வைத்திருக்கிறான். அண்ணாச்சி சிரித்தார். பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் பின் சக்கரத்துக்கு இரண்டு அளவு உண்டு. தனியாகப் போனால் 28 பவுண்டு போல. பின்னால் ஆள் ஏறினால் நாற்பதை ஒட்டி. தம்பி கல்யாணமாகாதவன், எப்போதும் ஒற்றையாள். டயர் உப்பி நின்று, நடுவில் ஒரு பட்டைதான் பெரும்பாலும் தரையைத் தொட்டிருக்கிறது. முழு வண்டியும் அந்தப் பட்டையின் மேல். மறு ஓரத்தில், டயர் வார்ப்பச்சிலிருந்து வரும்போது இருக்கும் ரப்பர் மயிர்கூட உதிராமல் இருந்தது.

காற்று குறைந்தால் இன்னும் மோசம் என்றார். டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரச் சூடு. சூடான ரப்பர் சித்திரை மாதத் தாரில் சீக்கிரம் கரையும், உள்ளே இருக்கும் நைலான் நூலும் தளரும். பெட்ரோல் வேறு கூடக் குடிக்கும்.

‘ஒரு பின் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்ற கேள்விக்கு அந்தக் குவியலிலேயே பதில் கிடைத்தது. இந்த ஊர் சாலையில், சாதாரண வண்டிக்கு, 15,000 முதல் 25,000 வரை என்பது பொதுக் கணக்கு. முன் டயர் அதைவிட ஒன்றரை மடங்காவது வரும். இஞ்சினின் இழுவை பின் சக்கரத்தில், பாரமும் பெரும்பாலும் அங்கேதான். வேகத்துக்கென்று வாங்கும் பெரிய பைக்கில் மிருதுவான ரப்பர். அது தாரைக் கவ்விப் பிடிக்கும், 10,000 தாண்டுவதே அபூர்வம். மோட்டோ ஜிபி பந்தயத்தில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குள் ஒரு டயரின் உயிர் முடிந்துவிடும். பிடிமானம் கூடினால் ஆயுள் குறையும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதாக விளம்பரம் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

குவியலிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். பால்காரருடைய டயர். பக்கச் சுவரில் 48P என்று அச்சு. 48 என்றால் அந்த டயர் தாங்கும் பாரம் 180 கிலோ, P என்றால் 150 கிலோமீட்டர் வேகம். பால்காரர் 150ல் போவதில்லை. ஆனால் நாற்பது லிட்டர் கேன் இரண்டு, அவர், வண்டியின் பின்பாதி எடை எல்லாம் சேர்ந்தால் 180க்கு மேலேயே நிற்கும். அடுத்தது ஒரு டீச்சருடைய ஸ்கூட்டர் டயர். பட்டன் புதிதுபோல. அண்ணாச்சி லேசாக வளைத்தார், பட்டன்களுக்கு நடுவே மெல்லிய கோடுகளாக வெடிப்பு திறந்தது. ஏழு வருடம். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக 6,000 கிலோமீட்டர்தான். வெயிலும் ஓசோனும் ரப்பரை உலர்த்திவிடும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பிறகு ஒரு முன் டயர். ஒரு பக்கமாகத் தடவச் சொன்னார், வழுக்கியது. திருப்பித் தடவச் சொன்னார். மீன் செதிளை எதிர்த்துத் தடவியதுபோல் கையில் குத்தியது. போர்க்கில் ஆயில் ஒழுகி ஸ்பிரிங் மட்டும் ஆடுகிற வண்டி. சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்து பட்டன் பட்டனாகச் சாய்த்துத் தேய்த்திருக்கிறது. இப்படி வந்தால் டயரை மாற்றிப் பிரயோசனம் இல்லையாம், போர்க்கைப் பார்க்காவிட்டால் அடுத்ததும் அதே கதி.

டயரை ரிம்மில் ஏற்றுகிற வேலையையும் பார்த்தேன். சோப்புத் தண்ணீர், லிவர், முழங்கால், ஒரு வெடிச் சத்தம், முடிந்தது. அதில் என் மனது நிற்கவில்லை.

மனது நின்றது ஒரு பென்சில் கேஜில். சட்டைப் பையில் செருகுகிற அளவு, பித்தளை முனை, அழுத்தினால் வெள்ளைக் குச்சி வெளியே வரும். அதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறார். கம்ப்ரஷர் ஹோஸில் தொங்கும் பெரிய கேஜ் மூன்று பவுண்டு கூடக் காட்டும், அது அவருக்குத் தெரியும். அதனால் 28 வேண்டுமென்றால் 31 வரை அடிப்பார், பிறகு பென்சிலை வைத்து ஒருமுறை பார்ப்பார். வண்டி தூரத்திலிருந்து ஓடி வந்திருந்தால் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறட்டும், டீ குடிச்சுட்டு வாங்க” என்பார். சூட்டில் காற்று விரிந்து எண் கூடக் காட்டும். காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பதே சரியான கணக்கு. டீ குடிக்கப் போகிறவர்கள் பத்தில் இரண்டு பேர் இருக்கலாம். மற்றவர்கள் ‘சும்மா அடிங்கண்ணே, நேரமாச்சு’.

பென்சில் கேஜ் அவர் முதலாளி கொடுத்தது. அண்ணாச்சிக்குக் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரத்தில் சாய்வாகப் பட்டையைச் சீவி, சிரட்டையை மாட்டிவிட்டு வருவார். குளிர் இருக்கும்போதுதான் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் அப்புறம் ஒழுங்காகப் பட்டை வளராது. ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக்கி, புகையில் காய வைப்பது அம்மாவின் பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுப்பது இவர் வேலை. அதை விற்ற காசுதான் நோட்டுப் புத்தகத்துக்கு. விலை சரிந்த ஒரு வருடம் தோட்டக்காரர் வெட்டையே நிறுத்திவிட்டார். பதினாறு வயதில் மதுரைக்குப் பஸ் ஏறி, ஒரு மலையாளியின் பஞ்சர் கடையில் சேர்ந்தார். அங்கே முதல் ஆறு மாதம் லிவரைத் தொடவிடவில்லையாம். காற்று மட்டும்தான்.

“முதலாளி சொல்லுவாரு, பஞ்சர் ஒட்டத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு உண்டு, காத்து அடிக்கத் தெரிஞ்சவனக் காட்டுன்னு. எனக்கு அப்ப எரிச்சலா வரும் சார்.”

ஒரு சக்கரத்துக்குக் காற்று ஐந்து ரூபாய். பெட்ரோல் பங்கில் அதுவும் கிடையாது, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. இலவசம் என்பதாலேயே அங்கே ஆள் இருப்பதில்லை, ஆள் இருந்தால் மீட்டர் ஓடுவதில்லை. டயரின் ஆயுளை 5,000 கிலோமீட்டர் கூட்டிக்கொடுக்கிற வேலைக்கு ஐந்து ரூபாய். அந்த ஆயுள் முடிந்து புது டயர் மாட்டினால் நூற்றைம்பது, இருநூறு நிற்கும். அதாவது, அண்ணாச்சி தன் வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய அவர் வருமானம் குறையும். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். “அது எனக்குத் தெரியாதா?” என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிய ஒரு பையன் வந்து நின்றான். பின் டயரில் பள்ளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரு சக்கர வண்டிக்கு டயர் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அதைத் தனியாக அளக்கக்கூட வேண்டாம். பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமானால் கதை முடிந்தது. இந்தப் பையனுடையதில் மேடும் தேய்ந்திருந்தது. அவன் ஓட்டம் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 26 நாள். மூவாயிரத்துக்கு மேல். நல்ல டயரே ஆறேழு மாதத்தில் போய்விடும். ‘சீக்கிரம் போ’ என்று போன் விரட்டுகிறது, ஒவ்வொரு சிக்னலிலும் முறுக்கலும் பிரேக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்ட இடங்களில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. டயருக்கு விலை இரண்டாயிரத்தை ஒட்டி. அது யார் செலவு? சாப்பாடு கேட்டவர் கொடுப்பதில்லை, போனில் விரட்டுகிறவர்கள் கொடுப்பதில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அவன் கைக்கு வரும் கூலியிலிருந்து பத்துப் பைசாவைச் சாலை அரித்து எடுத்துக்கொள்கிறது. இயந்திரம் தேய்ந்தால் முதலாளி செலவு என்பது மில் காலத்துச் சங்கதி. இப்போது இயந்திரம் தொழிலாளியுடையது, கடனும் அவனுடையது, தேய்மானமும் அவனுடையது. ‘பார்ட்னர்’ என்று பெயர் வைத்து ஒரு டி-ஷர்ட் கொடுத்துவிடுகிறார்கள்.

பையன் கேட்டது புது டயர் இல்லை. “அண்ணே, கட்டிங் டயர் ஏதாச்சும் இருக்கா?”

கட்டிங் என்றால், மொட்டையான டயரில் சூடேற்றிய கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறுவது. பார்த்தால் பாதி ஓடிய டயர் என்று நம்பலாம். லாரி டயர் சிலவற்றில் இதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, மீண்டும் பள்ளம் வெட்டலாம் என்று சுவரிலேயே அச்சடித்திருப்பார்கள். போதாததற்கு ரீட்ரேட். மேல் ரப்பரைச் சீவி எடுத்து, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து மறுபடி ஓட்டுவது நாமக்கல் லாரிக்காரர்களுக்குச் சர்வ சாதாரணம். சொல்லப்போனால் திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயருக்கு வருவதற்கு முன்னால் 1952ல் இறங்கியதே அந்த ரீட்ரேட் ரப்பரில்தான். பைக் டயரில் அந்தச் சதை கிடையாது. கத்தி கீறுவது நூலுக்கு மேலே மிச்சமிருக்கும் கொஞ்சம் ரப்பரை. மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும்.

கழற்றிய டயரை வாங்க மாதாமாதம் ஒரு வியாபாரி வருகிறார். எரிக்கவும் உருக்கவும் போவதற்கு ஒரு விலை, கட்டிங் போடத் தோதான டயருக்கு அதைப்போல் மூன்று மடங்கு. அண்ணாச்சி ஹேக்ஸா பிளேடை எடுத்து ஒவ்வொரு மொட்டை டயரின் ஓரத்திலும் உள்ளிருக்கும் கம்பி அறுகிற வரை அறுத்துப் போடுகிறார். கம்பி அறுந்த டயர் ரிம்மில் நிற்காது. மூன்று மடங்கு விலையும் போய்விடும். வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போவாராம்.

புது டயர் தரும் மொத்த வியாபாரி மீது அவருக்குக் கோபம் இன்னும் அதிகம். டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டும் வருடத்தை. 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம் பிறந்த டயர். பெரிய ஷோரூமுக்குப் புது வாரம் போகும். கடன் சொல்லி எடுக்கும் சின்னக் கடைக்கு, கோடவுனில் வருடக்கணக்கில் கிடந்தது வரும். கேள்வி கேட்டால் அடுத்த லோடு நிற்கும். விலை மட்டும் ஒன்றுதான். ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கு ஷீட்டின் தரம் பார்த்து, ஒரு புள்ளி அழுக்கு இருந்தால்கூட விலையை வெட்டுகிறார்கள். அதே ரப்பர் டயராகி வாங்குகிறவனிடம் வரும்போது அதன் வயதைக் கேட்க அவனுக்குத் தெரியாது, தெரிந்தவன் வாய் திறக்க முடியாது.

பையனிடம் அண்ணாச்சி கட்டிங் டயர் இல்லை என்று சொல்லிவிட்டார். பாதி ஓடிய, ஒழுங்காகத் தேய்ந்த ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அகல டயர் போட ஆசைப்பட்ட கல்லூரிப் பையன் ஒருவன் கழற்றிப் போட்டுப் போனதாம். முந்நூறு ரூபாய், இரண்டு தவணை. மாட்டியதும் பென்சில் கேஜை எடுத்தார். “ஒத்தையாளு, பை பத்து கிலோ, முப்பது போதும். வாரம் ஒரு தடவ இங்கன வந்துட்டுப் போ.” பையன் தலையாட்டினான். வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பியின் செயின் மறுநாளே சரியானது. கம்பெனியைத் திட்டுவதை அவன் இன்னும் நிறுத்தவில்லை என்று நண்பர் சொல்கிறார்.

கடைக்கு இப்போது மருமகன் வந்திருக்கிறார். ட்யூப்லெஸ் வந்ததிலிருந்து பஞ்சர் வேலை பாதியாகிவிட்டது. ஆணி ஏறினால் குச்சி செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம், அதை வீட்டிலேயே செய்துகொள்ளப் பெட்டி விற்கிறார்கள். அதனால் கடன் வாங்கி ஒரு நைட்ரஜன் மெஷின் இறக்கியிருக்கிறார். டிஜிட்டல் மீட்டர், வேண்டிய எண்ணை அமுக்கினால் அதில் போய் நிற்கும். வண்டிக்கு நாற்பது ரூபாய்.

“நம்ம காத்துலயே முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தானே சார்?” என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். 78 சதவீதம் என்றேன். மருமகன் முறைத்தார். ஆனால் நாற்பது ரூபாய் கொடுக்கிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாக நிற்கிறார்கள் என்பதையும் அண்ணாச்சியே சொன்னார். டயர் ஆறும்வரைகூட.

கடைக்குப் புதுப் போர்டு எழுதப் போகிறார்கள். எந்த வண்டிக்கு எத்தனை பவுண்டு, ஒற்றையாள் எவ்வளவு, இரண்டு பேர் எவ்வளவு என்று பெரிதாக ஒரு பட்டியல் வேண்டும் என்கிறார் மாமனார். நைட்ரஜன் விலைதான் மேலே வர வேண்டும் என்கிறார் மருமகன். பெயிண்டர் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார், முன்பணம் இன்னும் யாரும் கொடுக்கவில்லை.