கீரிமலைக்கு ஓர் ஆஸ்டின் பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து கீரிமலைக்குப் போக ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன். "பழைய கார் ஒண்டு இருக்கு, போறீங்களோ?" என்று கேட்டார் விடுதிக்காரர். பத்து நிமிடத்தில் வாசலில் வந்து நின்றது, வெளிர் பச்சை ஆஸ்டின் ஏ50 கேம்பிரிட்ஜ். 1955-ல் வந்த வண்டி. நம்பர் பிளேட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு எண்கள். இலங்கை வண்டிகளுக்கு 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்தைய பதிவு அது.

ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். நான் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, சிரித்தபடி பானட்டைத் திறந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தது எங்கள் வீட்டு அம்பாசிடரின் இன்ஜின்!

யோசித்தால் ஆச்சரியமில்லை. ஆஸ்டினும் மோரிஸும் 1952-ல் ஒரே கம்பெனி ஆகின. இரண்டு பெயர்களிலும் வந்த கார்களுக்கு ஒரே 1489 சிசி இன்ஜினைப் போட்டார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசிடர் ஆனது. ஆஸ்டின் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. இரண்டும் பங்காளிகள்தான்.

எங்கள் அம்பாசிடரை 2016-ல் எடைக்குப் போட்டவன் நான். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பார்ட்ஸ் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள், நானும் விசாரிக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில், மருதனார்மடம் என்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். சுன்னாகம் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் பனைகள். கியர், ஸ்டீயரிங்குக்குக் கீழேயே இருக்கிறது. அதை அவர் மாற்றும்போது அப்பாவின் இடது கை ஞாபகம் வந்தது.

"மண்ணெண்ணெயிலயும் ஓடின கார் தம்பி இது" என்றார்.

1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது. மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் சின்ன பாட்டிலில் பொன்போல வைத்திருக்கும் பெட்ரோலைக் கார்புரேட்டரில் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டர் இல்லாத, அழுத்தம் குறைந்த பழைய இன்ஜின் என்பதால்தான் இது முடிந்தது. இன்றைய கார் இருமிவிட்டு நின்றுவிடும்.

ஆனால் இன்ஜின் அதற்கு விலை கொடுக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கில் கரி படியும். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா பிளக்கைக் கழட்டித் துடைப்பன். ஒயில் தண்ணி மாதிரி ஆனா உடன மாத்திப்போடுவன். அதாலதான் எஞ்சின் தப்பினது" என்றார்.

1995 அக்டோபர் 30-ம் தேதி இரவு. வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, இந்தக் காரில்தான் நடக்க முடியாத அம்மாவை ஏற்றினார். கூடவே பக்கத்து வீட்டுக் கிழவர்கள், ஒரு கைக்குழந்தை. லட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த மழை இரவு அது. அடிக்கு அடி நின்று நகர்ந்ததில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மழைத் தண்ணீரைச் சட்டியில் பிடித்து ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். சாவகச்சேரி போய்ச் சேர விடிந்துவிட்டது.

சிறிது தூரம் நான் பேசவில்லை. தெல்லிப்பழை வந்ததும் அவரே பேச்சை மாற்றினார். 2022 எரிபொருள் நெருக்கடியில் மறுபடி மண்ணெண்ணெய்க்கு மாறினீர்களா என்று கேட்டேன். "எங்க தம்பி, அப்ப மண்ணெண்ணெய்க்கும் வரிசை!" என்று சிரித்தார்.

2020-ல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏறிவிட்டது. கல்யாண வாடகைக்கு விடலாம் என்று கொழும்பிலிருந்து ஒருவர் இரண்டு முறை வந்து கேட்டாராம். கனடாவில் இருக்கும் மகனும் விற்கச் சொல்கிறான். "அம்மா இருந்த சீற் தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மாவிட்டபுரத்தில் திரும்பிக் கீரிமலை போய்ச் சேர்ந்தோம். கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கேணி. நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் வந்தால் வீடு திரும்பியதும் அடித்தகட்டை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவாராம். பழைய கார் வாங்குபவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் சத்தத்தில் மயங்காமல் மிதியடியைத் தூக்கி, தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைப் பிரித்துச் செய்துவிடலாம். துருவோடு மல்லுக்கட்ட முடியாது.

அப்போதுதான் எங்கள் அம்பாசிடர் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்கட அம்பாசடர் சாமான் சிலது இதுக்குப் பொருந்தும். அங்க கிடைக்குமோ?" என்று கேட்டார்.

ஊர் திரும்பிய மறுவாரம் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். கையில் அவர் எழுதித் தந்த சீட்டு: பாயிண்ட் செட் இரண்டு, கண்டென்சர் ஒன்று, டேப்பட் கவர் பேக்கிங் ஒன்று. மூன்றாவது கடையிலேயே எல்லாம் கிடைத்துவிட்டது. தூசியைத் தட்டிக் கொடுத்த கடைக்காரர் கேட்டார்: "அம்பாசிடர் இன்னும் வச்சிருக்கீங்களா சார்?"