நகரை நோக்கும் அன்னை

இந்தியானாவிலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திற்கு நாங்கள் சென்றது இலையுதிர்காலத்தில். ஏரிக்கரை மேப்பிள் மரங்கள் செந்தழலாய் நின்றன. 1842-இல் அருள்தந்தை எட்வர்டு சோரின் நிறுவிய கல்விக்கூடம் இது. 1879 ஏப்ரலில் தலைமைக் கட்டடம் தீக்கிரையாயிற்று; செப்டம்பரிலேயே மாணவர்கள் புதுக்கட்டடத்தில் பயிலத் திரும்பினர். 1896-இல் எழுந்த லூர்து கெபியில் எண்ணற்ற திரிகள் எரிகின்றன.

அருகிலுள்ள சவுத் பெண்டு நகரின் கதை வேறு. ஸ்டூடிபேக்கர் மகிழுந்து நிறுவனம் 1963 டிசம்பரில் அங்கே உற்பத்தியை நிறுத்தியதும், ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர். கல்லூரியை மீட்டெடுக்கச் சில மாதங்கள் போதுமாயின; நகரமோ பல்லாண்டுகள் காத்துக் கிடந்தது.

கெபியில் எங்கள் திரியை அத்தொழிலாளர் குடும்பங்களுக்காகவே ஏற்றினோம். பொற்குவிமாடத்தின் உச்சியில் அன்னை மரியா தென்திசை நோக்கி, அந்நகரைப் பார்த்தவாறே நிற்கிறார். அவர் நிழலில் கற்போரின் கண்களும் அத்திசையில் திரும்ப வேண்டாமா?