அப்டேட் போடுமுன் ஒரு நிமிடம்

பழைய மேக்கில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் நண்பர்கள் சிலர், “ஓஎஸ் அப்டேட் போடலாமா?” என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருட்களை அடியோடு நிறுத்திவிட்டது. அவை ஓடும் கடைசிப் பதிப்பு அதற்கு முந்தைய மொஹாவேதான். பதிவு மென்பொருள் மட்டும் 64 பிட்டாக இருந்தால் போதாது. எப்போதோ வாங்கிய ப்ளக்இன்கள், ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் எல்லாமே புதியதில் ஓட வேண்டும். பியானோ ப்ளக்இன் ஓடாவிட்டால், பழைய ப்ராஜெக்ட் திறக்கும். பியானோ ட்ராக் மட்டும் ஊமையாக இருக்கும்.

என் வழக்கம் இதுதான். முதலில் முழு டிஸ்க்கையும் வெளி டிரைவில் நகலெடுப்பேன். முக்கியமான பாடல்களின் ட்ராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து வைப்பேன். அவை எந்தப் பதிவு மென்பொருளிலும் திறக்கும். பிறகு புதிய ஓஎஸ்ஸை வேறொரு டிரைவில் நிறுவி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பேன். திருப்தியானால்தான் மாற்றம்.

ஆல்பம் பாதியில் நிற்கும்போது மட்டும் தயவுசெய்து அப்டேட் போடாதீர்கள். பழையது நன்றாக ஓடுகிறதென்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பதிவுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.