ஆஞ்சியோ நார்மல்னா இதயமும் நார்மலா?

1/ போன மாசம் ஒரு நைட் டூட்டி. நாற்பது வயசு டிரைவர் அண்ணன் ஒருத்தர். படுக்க முடியல, உட்கார்ந்தே மூச்சு வாங்குறார், ரெண்டு காலும் வீக்கம். பழைய சீட்டைப் பார்த்தா பம்பிங் 30%. மாத்திரையை நிறுத்தி நாலு மாசம் ஆச்சாம்.

2/ ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டேன். அவர் மனைவி சொன்னாங்க: "ஆஞ்சியோல அடைப்பு இல்ல, பயப்படாதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" ஆமா, நான்தான் சொன்னேன். ஓ.பி. கூட்டத்துல அதுக்கு மேல விளக்கல. அதான் இந்த த்ரெட்.

3/ இதயம் பலவீனமாக அடைப்பு மட்டுமே காரணம் இல்ல. தசையே தளர்ந்து, இதய அறை பெருசாகி, பம்பிங் குறையுற நோய் உண்டு. பேர் டைலேட்டட் கார்டியோமயோபதி. பரம்பரை, வைரஸ் தொற்று, குடி, சில கேன்சர் மருந்துகள்னு காரணம் பல. நிறைய பேருக்குக் காரணமே பிடிபடாது.

4/ ஆஞ்சியோவில் தெரியுறது பெரிய ரத்தக்குழாய்கள். தெருவுல வர்ற மெயின் பைப் மாதிரி. வீட்டுக்குள்ள போற சின்னக் குழாய்கள் அதுல தெரியாது. தசைக்கு ரத்தம் போய்ச் சேருறது அது வழியாத்தான்.

5/ அந்த ஓட்டத்தை அளக்க வழி இருக்கு. கதிரியக்க நைட்ரஜன் உள்ள அமோனியாவை ஊசியில் ஏத்தி பெட் ஸ்கேன் எடுப்பாங்க. ஒரு கிராம் தசைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகுதுன்னு தெரியும். அப்புறம் குழாயை விரிக்கிற டைபிரிடமோல் மருந்து கொடுத்து மறுபடி அளப்பாங்க.

6/ நல்ல இதயத்துல ஓய்வில் சுமார் 1 மில்லி. மருந்து கொடுத்தா 3 மடங்கு போல கூடும். கூடலைன்னா சின்னக் குழாய்கள்ல கோளாறு இருக்கலாம்.

7/ சாய்ந்த கோபுரம் இருக்கிற இத்தாலியின் பைசா நகரில் இதை ஆராய்ஞ்சாங்க. 2002-ல சர்குலேஷன் இதழில் வந்தது. தசை தளர்ந்த, ஆனா ஆஞ்சியோ நார்மலான 67 பேர். மருந்து கொடுத்தும் ஓட்டம் 1.36 மில்லியைத் தாண்டாதவங்களுக்கு மரணமும் இதயச் செயலிழப்பு முற்றுறதும் அதிகமா இருந்துச்சு.

8/ பம்பிங் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்னுச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா அடைப்பு இல்லாத இதயத்துலயும் ரத்த ஓட்டம் மோசமா இருக்கலாம்னு காட்டுது.

9/ "அந்த ஸ்கேன் எங்க சார் எடுக்கலாம்?"னு அலைய வேண்டாம். அந்த நைட்ரஜன் 10 நிமிஷத்துல பாதியாயிடும். பக்கத்துலயே சைக்ளோட்ரான் வேணும். எல்லாருக்கும் எடுக்கிற டெஸ்ட் இல்ல. அது இல்லாமலே சிகிச்சை நடக்கும்.

10/ நம்ம கையில எக்கோ இருக்கு, ஆயுளைக் கூட்டுற மாத்திரைகள் இருக்கு. பம்பிங் தேறினாலும் நிறுத்தாதீங்க. பிரிட்டன் ஆய்வு ஒண்ணுல, நல்லா தேறின 25 பேருக்கு டாக்டர் கண்காணிப்பிலேயே மாத்திரையைக் குறைச்சு நிறுத்தினாங்க. 6 மாசத்துல 11 பேருக்கு நோய் திரும்பிடுச்சு. தொடர்ந்து சாப்பிட்டவங்கள்ல அந்த 6 மாசத்துல ஒருத்தருக்கும் திரும்பல.

11/ தினம் காலையில எடை பாருங்க. 3 நாள்ல 2 கிலோ கூடினா, கால் வீங்கினா, படுத்தா மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரி வாங்க.

12/ அந்த அண்ணன் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை சீட்டில் தமிழ்லயே எழுதினேன்: "அடைப்பு இல்லை. ஆனால் இதயத் தசை பலவீனம். மாத்திரையை நிறுத்தக் கூடாது." அவர் மனைவியை ஒரு தடவை சத்தமா படிக்கச் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.