ஆராயாமல் சொன்ன பழி

சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும்போதெல்லாம் எங்கள் காரில் பாட்டு ஒலிக்கும். சில நாட்களாக, சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஒலி நின்றுவிடும். ஸ்டீரியோவின் விளக்கு மட்டும் எரியும். தம்பி பொத்தான்களைத் திருகியதே காரணம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவன் அடி வாங்கினான்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் நான்கு ஸ்பீக்கர் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். இடது முன்கதவு வயரைக் கழற்றியபின் பள்ளத்திலும் பாட்டு நிற்கவில்லை. கதவு மடியும் இடத்தில் வயரின் உறை தேய்ந்து, உள்ளிருந்த செம்புக்கம்பி காரின் தகட்டில் உரசியிருக்கிறது. அப்படி உரசினால், பழுதாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள ஸ்டீரியோ எல்லா ஸ்பீக்கர்களையும் அடக்கிவிடுமாம்.

வயரை மாற்றியதும் சரியாயிற்று. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஸ்டீரியோவைத் தொடவும் இல்லை. தோழியரே, வயரை மாற்றுவது எளிது. சொன்ன பழியை மாற்றுவது எளிதன்று.